கிருமி அழிந்த பிறகும் காது ஏன் பாதிக்கப்பட்டது?

கேள்வி: என் அக்கா மகனுக்கு நிமோகாக்கஸ் கிருமியால் மூளைச்சவ்வுக் காய்ச்சல் வந்து, தீவிர சிகிச்சைக்குப் பின் உயிர் பிழைத்தான். ஆன்டிபயாட்டிக் வேலை செய்து கிருமி விரைவிலேயே அழிந்துவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இருந்தும் அவனுக்கு ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. கிருமி போன பிறகு பாதிப்பு எப்படி வந்தது? நோய் எதிர்ப்பைக் குறைக்கும் ஸ்டீராய்டை, தொற்று இருக்கும்போதே கொடுத்தது சரிதானா?

பதில்: மருத்துவ ஆய்வாளர்களைப் பல ஆண்டுகளாக உறங்கவிடாத கேள்வியையே நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். இந்த நோயில் சேதத்தை உண்டாக்குவது கிருமி மட்டுமல்ல. கிருமியை எதிர்த்து உடல் நடத்தும் போரும் சேர்ந்துதான்.

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் திரவத்தில், ரத்தத்தில் இருப்பதைப் போன்ற காவல் கிடையாது. எதிர்ப்பொருள்களும், கிருமிகளைக் குறிவைத்துத் தாக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் அங்கே மிகக் குறைவு. ஆகவே ரத்தத்திலிருந்து தடுப்பைக் கடந்து உள்ளே நுழைந்துவிட்ட நிமோகாக்கஸ் ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாமல் பெருகுகிறது. உடல் விழித்துக்கொள்ளும்போது வெள்ளையணுக்கள் வெள்ளமாகப் பாய்கின்றன. ஆரோக்கியமான பெரியவர் ஒருவரின் தண்டுவட நீரில், ஒரு கன மில்லிமீட்டருக்கு 5 வெள்ளையணுக்களுக்கு மேல் இருப்பதில்லை. இந்நோயில் அது பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. முதுகில் ஊசி செலுத்தி எடுக்கும் நீர், தெளிவாக இல்லாமல் கலங்கலாக வருவதற்கு இதுதான் காரணம். அந்த வெள்ளையணுக்கள் வெளியிடும் நொதிகள் கிருமியையும் திசுவையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ரத்தக் குழாய்கள் கசிகின்றன, மூளை வீங்குகிறது, மண்டையோட்டுக்குள் விரிய இடமில்லாததால் அழுத்தம் ஏறுகிறது.

பென்சிலின் வகை மருந்துகள் கிருமியின் சுவரை உடைத்துக் கொல்பவை. உடைந்த கிருமியிலிருந்து சுவர்த் துண்டுகளும், செல்களில் துளையிடும் நிமோலைசின் என்ற நச்சும் ஒரேயடியாகக் கொட்டும்போது அழற்சி மேலும் மூளுகிறது. அதற்காக அந்த மருந்தைத் தாமதப்படுத்தக் கூடாது; ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் ஆபத்தே. உட்காதிலுள்ள நத்தைச் சுருளுக்கு மூளைத் திரவத்தோடு நேரடித் தொடர்பு உண்டு என்பதால், நச்சும் அழற்சியும் அந்த வழியே சென்று, மீண்டும் வளராத செவி உணர்செல்களை அழிக்கின்றன. உங்கள் அக்கா மகனுக்கு நேர்ந்தது பெரும்பாலும் இதுதான்.

ஸ்டீராய்டு தரப்படுவது, கிருமி உடையும்போது மூளும் இந்த இரண்டாவது அழற்சி அலையை அடக்கத்தான். எனவேதான் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, முதல் ஆன்டிபயாட்டிக்குக்குச் சற்று முன்போ அதனுடனோ கொடுக்கப்படுகிறது. 2002-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், 301 பெரியவர்களில் இம்மருந்து பெற்றவர்களிடையே இறப்பு 7 சதவீதமாகவும், பெறாதவர்களிடையே 15 சதவீதமாகவும் இருந்தது. நிமோகாக்கஸ் நோயாளிகளிடம்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் மலாவி நாட்டில் குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் நடந்த ஆய்வுகளில் பலன் கிடைக்கவில்லை. அங்கே பெரியவர்களில் பெரும்பாலோர் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள், பலர் நோய் முற்றிய பிறகே வந்தார்கள். ஆகவே உங்கள் மருத்துவர்கள் செய்தது ஆதாரமுள்ள முறைதான் என்றாலும், எல்லா நோயாளிக்கும் எல்லா இடத்திலும் ஒரே பலனை அது தருவதில்லை.

ஸ்டீராய்டு அழற்சியை ஒட்டுமொத்தமாக அடக்குகிறது. தேவையான பகுதியை மட்டும் அடக்க முடியுமா என்பதே இன்றைய தேடல். ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று 2011-இல், காம்ப்ளிமென்ட் வரிசையின் சி5 புரதத்தைத் தடுக்கும் எதிர்ப்பொருளை ஆன்டிபயாட்டிக்குடன் சேர்த்துக் கொடுத்தபோது, நிமோகாக்கஸ் மூளைச்சவ்வுக் காய்ச்சல் வந்த எலிகள் அதிகம் பிழைத்ததைக் காட்டியது. இதற்கு நேர்மாறான ஒரு செய்தியும் உண்டு. ஹார்வர்ட் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட எலி ஆய்வின்படி, மூளைச்சவ்வின் வலி நரம்புகளைக் கிருமிகள் தூண்டிவிட, அந்நரம்புகள் வெளியிடும் சிஜிஆர்பி என்ற பொருள் அங்குள்ள காவல் செல்களை மந்தப்படுத்துகிறது. கிருமி எளிதாகப் பரவுகிறது. அதாவது தொடக்கத்தில் எதிர்ப்பு போதாமலும், பின்னர் மிதமிஞ்சியும் போகிறது. எந்தக் கட்டத்தில் எதை அடக்குவது என்பதே என் பார்வையில் மிகக் கடினமான புதிர். எலியில் வென்ற மருந்து நோயாளியிடம் வெல்லும் என்ற உறுதியும் இல்லை.

சிறுவனின் செவித்திறனை முழுமையாகச் சோதித்துவிட்டீர்களா? இல்லையென்றால் தள்ளிப்போடாதீர்கள். அழற்சி ஆறும்போது நத்தைச் சுருளின் உள்ளே எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளக்கூடும். அது சில வாரங்களிலேயே தொடங்கலாம். முற்றிலும் அடைத்துவிட்டால், பின்னாளில் செவிக்குள் பொருத்தும் காக்ளியர் கருவி தேவைப்பட்டாலும் அதை வைப்பது கடினமாகிவிடும். மற்றொரு காதையும் சேர்த்தே சோதிக்கச் சொல்லுங்கள்.