தறிக்காரர் மகனும் நேர்முகத் தேர்வும்

அன்புள்ள ஐயா,

மெக்கானிக்கல் படித்துவிட்டு கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். எம்பிஏ படிப்புக்கான கேட் (CAT) நுழைவுத்தேர்வு எழுதியதில் அகமதாபாத் ஐஐஎம் என்ற மேலாண்மைக் கல்லூரியிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. அப்பா சோமனூர் பக்கம் எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறார். பயிற்சி மையத்தில், ‘தறி, கூலி என்றெல்லாம் சொல்லாதே, ஃபேமிலி டெக்ஸ்டைல் பிசினஸ் என்று சொல்’ என்கிறார்கள். ‘ஒய் எம்பிஏ’ என்ற கேள்விக்கு ஒரு பதில் எழுதிக் கொடுத்தார்கள், மனப்பாடம் செய்துவிட்டேன். என் ஆங்கிலம் சுமார்தான். இரண்டு வருட அனுபவம் போதுமா? கோட் வாங்க வேண்டுமா? எப்படித் தயாராவது?

க.

அன்புள்ள க.,

கொஞ்ச நாளாகவே என்னை உறுத்திக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது. அதனால் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். கோட் இருந்தால் போடுங்கள், அதற்காகக் கடன் வாங்காதீர்கள். அனுபவம் போதும், கல்லூரி முடித்த கையோடு போகிறவர்களும் உண்டு. ஆங்கிலம் புரிகிற மாதிரி இருந்தால் சரி.

இனி தறிக்கு வருகிறேன். கோபத்தோடுதான் வருகிறேன். உங்களுக்குச் சோறு போட்டுப் படிக்கவும் வைத்த தறியை வெளியே சொல்லாதே என்று ஒருவர் சொல்கிறார். நீங்களும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். காசும் கட்டியிருக்கிறீர்கள்.

அதுவும் அகமதாபாத்தில் போய் மறைப்பதா? ஆலைத் துணியால் வளர்ந்த ஊர் அது. 1961இல் அந்த ஐஐஎம் உருவாக முன்னின்றவர்களில் விக்ரம் சாராபாய் ஜவுளி ஆலைக் குடும்பத்துப் பிள்ளை. கஸ்தூர்பாய் லால்பாயோ ஆலை முதலாளியே. அங்கே பாடம் நடத்துவதும் பெரும்பாலும் கேஸ் முறையில்தான். ஒரு தொழிலில் வந்த நிஜமான சிக்கலை மாணவர் முன்னால் வைத்து, இந்த இடத்தில் நீ இருந்தால் என்ன முடிவு எடுப்பாய் என்று கேட்பார்கள். உங்கள் வீட்டுக் கொட்டகையில் அப்படி ஒரு கேஸ் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு கல்லூரியில் மாதிரி நேர்முகம் நடத்த என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். தலைமைப் பண்பு, குழுவாகச் செயல்படுவது, ஐந்து வருடத்தில் மேலாளர். யார் முகமும் மனதில் நிற்கவில்லை. ஒரு பெண்ணிடம் எந்த ஊரம்மா என்று கேட்டேன். கவுந்தப்பாடி என்றாள். அங்கே என்ன விசேஷம் என்றதும் அவள் குரலே மாறிவிட்டது. நாட்டுச் சர்க்கரை ஏலம், பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்கு அங்கிருந்து மூட்டை மூட்டையாக வாங்குவது, நிறத்தையும் ஈரத்தையும் பார்த்து விலை விழுவது எல்லாம் சொன்னாள். ஆங்கிலம் நடுநடுவே உடைந்தது, அவள் நிறுத்தவில்லை. கோயில் வாங்காத நாளில் விலை என்ன ஆகும் என்று பக்கத்தில் இருந்த பேராசிரியர் கேட்டார். அப்புறம் கால் மணி நேரம் நாங்கள்தான் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அந்தப் பெண்ணிடமும் யாரோ ஊரைப் பற்றிப் பேசாதே என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அப்பா பக்கத்தில் உட்காருங்கள். நீளவாக்கில் ஓடும் பாவு நூலை யார் கொடுக்கிறார்கள்? மீட்டருக்கு என்ன கூலி, எந்த ரகத்துக்கு எவ்வளவு? அவரே நூல் வாங்கி நெய்து விற்றால் என்ன? நூல் விலை திடீரென்று இறங்கினால் அந்த நஷ்டத்தை யார் தாங்குவது? நாடா ஓடுகிற பழைய தறியை விற்றுவிட்டு, காற்றால் நூலைச் செலுத்தும் ஏர்ஜெட் தறிக்கு ஏன் போகவில்லை? இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவச மின்சாரம் இருக்கிறதே, அதற்கு மேல் ஓடுகிற யூனிட்டுக்கு எவ்வளவு கட்டுகிறார்? 2025இல் கூலி உயர்வு கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் தறியை நிறுத்தினார்களே, அந்த மாதம் வீடு எப்படி நடந்தது? எட்டுத் தறிக்காரரால் ஏன் தனியாகக் கூலி பேச முடிவதில்லை? எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்பாவுக்கே தெரியாத இடம் சில வரும், அங்கே குறித்து வையுங்கள்.

எழுதிக் கொடுத்த அந்தப் பதிலைக் கிழித்துப் போடுங்கள். ஏன் எம்பிஏ என்று கேட்டால் நீங்கள் குறித்து வைத்த இடங்களிலிருந்து பேசுங்கள். வருத்தம் காட்டிப் பேச வேண்டாம். ஏழ்மைக் கதை சொல்லி மார்க் வாங்கப் போகிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. உங்கள் அப்பா பரிதாபத்துக்குரிய ஆள் இல்லை, நூல் கொடுப்பவருக்கும் மின்வாரியத்துக்கும் வங்கிக்கும் நடுவில் நின்று எட்டுத் தறியை ஓட்டுகிறவர். அந்தப் பிழைப்பு ஏன் பெருகாமல் அங்கேயே நிற்கிறது என்று உங்களுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ளத் தோன்றினால் அதுதான் பதில். தோன்றவில்லை என்றால், பம்ப் கம்பெனியில் உங்களுக்குப் புரியாமல் போன ஒன்றைச் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் வேலை பாருங்கள், தப்பில்லை.

செய்தித்தாள் படிப்பதெல்லாம் நீங்களே செய்வீர்கள். டிகிரிப் பாடத்தில் பம்ப், தெர்மோடைனமிக்ஸ் இரண்டையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள், கட்டாயம் கேட்பார்கள். நேர்முகம் முடிந்ததும் என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள். அப்பா சொன்ன கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள் தம்பி, எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.