தொடாமல் பார்த்துக்கொள்வது – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆய்வுக்கூடங்களிலிருந்து மீட்கப்பட்ட சிம்பன்சிகளைப் பற்றி நீங்கள் போன மாதம் எழுதியதை வாசித்தேன். வாசித்த கையோடு யூடியூபில் தேடினேன். ஒரு வீடியோவில் சிம்பன்சி ஒன்று தன்னை வளர்த்தவரைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொள்கிறது. என் மகள் அதை இருபது தடவையாவது பார்த்திருப்பாள். நீங்களோ ‘நல்ல காப்பகத்தில் வளர்ந்த சிம்பன்சியை யாரும் தொடமாட்டார்கள்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சின்னக் கூண்டிலிருந்து எடுத்துப் பெரிய கூண்டில் போடுவோம், தொடவும் மாட்டோம் என்றால் அதற்குப் பெயர் மீட்பா?

நம் பக்கத்துக் கதை ஒன்று. சோளிங்கரில் நாய் கடித்துக் கிடந்த குட்டிக் குரங்கைக் கோவை கால்நடை மருத்துவர் ஒருவர் மாதக்கணக்கில் வைத்துப் பிழைக்கவைத்தார். 2024இல் வனத்துறை அதை வாங்கி வண்டலூரில் விட்டுவிட்டது. அவர் கோர்ட்டுக்குப் போயும் கையில் கிடைக்கவில்லை. பாசத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லையா? எங்கள் தெரு பஞ்சர் கடைக்காரரும் ஒரு குட்டிக் குரங்கை வைத்திருக்கிறார். பிள்ளை மாதிரிதான் பார்த்துக்கொள்கிறார். அதையும் தப்பு என்பீர்களா?

(பெயர் வெளியிட வேண்டாம்)
குடியாத்தம்

*

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனது என் தப்புதான். கட்டுரை ஏற்கெனவே நீண்டிருந்தது, வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள், அப்படியே முடித்துவிட்டேன். இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்த வீடியோ பொய்யில்லை. அப்படி ஓடிவந்து கட்டிக்கொள்ளும் சிம்பன்சி பெரும்பாலும் குட்டியாக வந்து மனிதர் மடியில் வளர்ந்ததாக இருக்கும். சிம்பன்சிக் குட்டி நாலைந்து வயது வரை தாய்ப்பால் குடிக்கும். முதலில் வயிற்றில் தொங்கிக்கொண்டும் அப்புறம் முதுகில் உட்கார்ந்துகொண்டும் தாயோடேதான் காடு சுற்றும். அப்படிப்பட்ட குட்டியைப் பிடிக்கத் தாயைக் கொல்ல வேண்டும், குறுக்கே வரும் சொந்தங்களையும் சுட வேண்டும். பிடிபட்டு மீட்கப்பட்ட குட்டியை யாரும் தூக்காமல் விட்டால் அது செத்தே போகும். அதனால் ஆப்பிரிக்கக் காப்பகங்களில் குட்டிகளுக்கென்றே பெண்கள் இருக்கிறார்கள். பகல் முழுக்க இடுப்பில் சுமப்பார்கள், புட்டியில் பால் கொடுப்பார்கள். தொடக் கூடாது என்ற சட்டம் அங்கே இல்லை. குட்டி வளர வளர அதை மற்ற குட்டிகளோடு விட்டு, அப்புறம் பெரியவர்களோடு சேர்த்து, தங்கள் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொள்வார்கள். அந்தக் கட்டத்தை யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை.

விலக்காவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். சியரா லியோன் நாட்டில், ஃப்ரீடவுனுக்குப் பக்கத்தில் தக்குகாமா என்று ஒரு சிம்பன்சிக் காப்பகம் இருக்கிறது. 1995இல் அதைத் தொடங்கிய பாலா அமரசேகரன் இலங்கையில் பிறந்தவர். கணக்கர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். 1988இல் ஒரு கிராமத்தில் விற்பனைக்குக் கட்டிவைத்திருந்த நோஞ்சான் குட்டியை அவரும் மனைவியும் பரிதாபப்பட்டு வாங்கிவந்து, ப்ரூனோ என்று பெயர் வைத்து வீட்டில் வளர்த்தார்கள். காப்பகமே அவனிலிருந்து பிறந்ததுதான். 2006இல், ஆளைவிடப் பெரிதாக வளர்ந்து கூட்டத்துக்குத் தலைவனாகிவிட்ட ப்ரூனோ முன்னால் போக, 31 சிம்பன்சிகள் கூண்டைத் தாண்டி வெளியே போயின. எதிரே வந்த காரின் ஓட்டுநர் ஒருவரை அவை தாக்கிக் கொன்றன. போனவற்றில் பெரும்பாலானவை திரும்பி வந்தன. ப்ரூனோ வரவேயில்லை. அவனை வளர்த்தவர்கள் பாசத்தில் குறை வைக்கவில்லை. (அந்த நாட்டுக்காரர்கள் இதற்காகச் சிம்பன்சியை வெறுத்துவிடவில்லை. 2019இல் அதைத் தேசிய விலங்காக அறிவித்தார்கள்.)

இன்னொரு காரணமும் உண்டு, சளி. 2013இல் உகாண்டாவின் கிபாலே காட்டில், நமக்கு மூக்கு ஒழுகவைக்கும் வைரஸ் ஒன்று சிம்பன்சிக் கூட்டத்தில் புகுந்து ஐந்தைக் கொன்றுவிட்டது. நமக்கு இரண்டு நாள் மிளகு ரசத்தில் போகிற சமாச்சாரம். காப்பகங்களில் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு நிற்பது அதனால்தான்.

சரி, அப்படியென்றால் அங்கே நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள்? என் மைத்துனர் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அவள் ஊருக்குப் பக்கத்தில் ஆய்வுக்கூடச் சிம்பன்சிகளுக்கான ஒரு காப்பகம். வாரம் ஒரு நாள் சம்பளமில்லாமல் வேலைக்குப் போகிறாள். போய் இரண்டு வருஷமாகிறது, ஒரு சிம்பன்சியைக்கூடத் தொட்டதில்லை. “கம்பளி துவைக்கிறேன் மாமா” என்பாள். காட்டில் சிம்பன்சி தினம் சாயங்காலம் மரத்தில் கிளைகளை மடக்கிப் புதுக் கூடு கட்டித்தான் படுக்கும், நேற்றைய கூட்டில் பொதுவாகப் படுக்காது. காப்பகத்தில் கிளைக்குப் பதில் கம்பளி. ஒவ்வொன்றும் நான்கைந்து கம்பளிகளை இழுத்து வட்டமாகச் சுருட்டி நடுவில் படுத்துக்கொள்ளும். விடிந்தால் அத்தனையும் சாணி, மூத்திரம். நம் வீட்டுப் போர்வையை மாதம் ஒரு தடவை துவைக்கவே நாம் முனகுகிறோம்.

காலையில் முதல் வேலை தலை எண்ணுவது. அப்புறம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பழச்சாறில் மருந்தைக் கலந்து கொடுப்பது. இவை வயதானவை. சர்க்கரை, இதய நோய் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உள்ளது எல்லாம் உண்டு. அடுத்து அறை கழுவுவது. ஒரு அறையிலிருந்து அடுத்ததற்கு அவற்றைப் போகவைத்து, நடுக் கதவை இழுத்து மூடி, பூட்டி, பூட்டை இன்னொருவர் வந்து இழுத்துப் பார்த்த பிறகுதான் மனிதர் உள்ளே கால் வைக்கலாம். ‘பூட்டிவிட்டேன்’ என்று வாயால் சொன்னால் அங்கே செல்லாது. கூண்டுக்கு வெளியே தரையில் சிவப்புக் கோடு, கம்பிக்குள்ளிருந்து கை எட்டும் தூரம் அதுவரை. நெருங்கிய ஆளே ஆனாலும் கவனமில்லாமல் அதைத் தாண்டக் கூடாது.

அவை ஒத்துழைக்காவிட்டால்? காத்திருக்க வேண்டியதுதான். ஒரு நாள் ஒரு கிழவி கதவு வாசலில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பக்கமும் வராமல் அந்தப் பக்கமும் போகாமல் முக்கால் மணி நேரம் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஐந்து பேர் வாளியும் துடைப்பமுமாக வெளியே நின்றார்கள். யாரும் விரட்டவில்லை, சத்தம் போடவில்லை. கடைசியில் அவளாக எழுந்து போனாள். இதைச் சொல்லும்போது என் மைத்துனர் மகள் குரலில் எரிச்சலும் இல்லை, பெருமையும் இல்லை. பஸ் லேட் என்று சொல்வது மாதிரி சொன்னாள்.

அந்த முக்கால் மணி நேரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஐந்தடி நீளம், ஐந்தடி அகலம், ஏழடி உயரத்தில் ஒரு பெட்டி. ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் மயக்க ஊசித் துப்பாக்கியால் சுடுவார்கள். ஓட இடமில்லாத இடத்தில் சுடுவது. இங்கே அதே ரத்தம் எடுக்க மாதக்கணக்கில் பழக்குகிறார்கள். தோளைக் கம்பியில் சாய்த்தால் ஒரு திராட்சை, ஊசியில்லாத சிரிஞ்சு தொட்டால் இன்னொன்று. பிடிக்காவிட்டால் அவள் எழுந்து போகலாம். ‘மாட்டேன்’ என்று சொல்ல முடிகிற இடம். பெரிய கூண்டுதானே என்றீர்களே, ஆமாம், கூண்டுதான். நடத்துகிறவர்களே அதை மறைப்பதில்லை. ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து, புல் என்பதையே பார்க்காமல் முப்பது வயதானதைக் கொண்டுபோய்க் காட்டில் விட முடியாது. வெட்டவெளிக்குப் போகும் கதவை முதன்முதலாகத் திறந்தபோது பல சிம்பன்சிகள் வாசலிலேயே நின்று புல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டன.

ஃப்ளோரிடாவில் ஃபோர்ட் பியர்ஸ் என்ற ஊரில் இருக்கிற காப்பகத்தில் அவற்றுக்கு 12 தீவுகள் அமைத்திருக்கிறார்கள். சிம்பன்சிக்கு நீச்சல் வராது, சுற்றித் தண்ணீர் விட்டால் போதும். கோட்டை அகழியைப் பார்த்து வளர்ந்த வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என்ன, அதில் முதலை விட்டிருந்தார்கள் என்று நம் பாட்டிகள் சொல்வார்கள், இங்கே முதலை தேவைப்படவில்லை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கிறுக்கு உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் க்ளி எலம் என்ற சிற்றூருக்கு 2008இல் ஏழு சிம்பன்சிகள் வந்தன. ஜேமி என்பவளுக்கு பூட்ஸ் பைத்தியம். அவள் சொல்கிற பூட்ஸைப் பணியாளர் போட்டுக்கொண்டு வேலிக்கு வெளியே அவளோடு சுற்றி நடந்துவர வேண்டியிருந்தது. ஃபாக்ஸி என்பவள் பொம்மை வைத்திருந்தாள், தலைமுடி தீப்பிழம்பு மாதிரி நட்டுக்கொண்டு நிற்குமே, அந்த ட்ரோல் பொம்மை. முதுகில் வைத்துக்கொண்டு திரிவாள், முத்தம் கொடுப்பாள். ஆய்வுக்கூடத்தில் அவள் பெற்ற குட்டிகளை அவளிடமிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். பணியாளர்கள் இதைப் பற்றி உருக்கமாகப் பேசுவதைவிட, பொம்மை நைந்தால் மாற்றுவதற்கு இன்னொரு பொம்மை கையிருப்பில் இருக்கிறதா என்றுதான் கவலைப்பட்டார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

இவர்களையெல்லாம் எதற்குப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? பெரும்பாலும் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி ஆராய்ச்சிக்கு. 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த முதல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைச் சிம்பன்சிகளில் சோதித்த பிறகுதான் மனிதருக்குப் போட்டார்கள். நம்முடையது ஆஸ்பத்திரி ஊர். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தொடையில் போடுகிறார்களே, அந்த ஊசி அந்த வழியில் வந்ததுதான். உங்கள் மகளுக்கும் போட்டிருப்பார்கள். 2015இல்தான் அமெரிக்க அரசு தன் ஆராய்ச்சிச் சிம்பன்சிகள் அனைத்துக்கும் ஓய்வு என்று அறிவித்தது. அவை 50, 60 வயது வரைகூட இருக்கும். அதுவரை யாராவது கம்பளி துவைக்க வேண்டும்.

இது வெளிநாட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2019இல் கொல்கத்தாவில் கடத்தல்காரர் ஒருவரின் சொத்தாக மூன்று சிம்பன்சிகளை அமலாக்கத்துறை முடக்கியது. வீடு, வாகனம், பேங்க் கணக்கு மாதிரி சிம்பன்சி! நம் நாட்டில் அதை வாங்க ஆள் இருந்தால்தானே கொண்டுவந்திருப்பார்கள்?

இப்போது சோளிங்கர் குட்டி. அந்த மருத்துவர் மேல் எனக்கும் மரியாதைதான். அவர் இல்லாவிட்டால் அது பிழைத்திருக்காது. வழக்கு முடியும்வரை தன்னிடம் கொடுக்கச் சொல்லி அவர் கேட்டதை நீதிமன்றம் ஏற்காததும் சரி என்றே நினைக்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்க முடியும். குரங்குக்கு நம் மடி தேவைப்படுவது கொஞ்ச காலம். அப்புறம் அதற்கு வேண்டியது இன்னொரு குரங்கு. பேன் பார்க்க, பல்லைக் காட்டிச் சண்டை போட, சண்டை முடிந்து ஒட்டி உட்கார.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டில் ஒரு குரங்கு இருந்தது. வாலாஜாவில் என் சித்தப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பெங்களூர் ரோட்டில் அடிபட்டுச் செத்த தாயின் மேல் ஒட்டிக்கொண்டிருந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். பேனாவுக்கு இங்க் ஊற்றும் ஃபில்லரில் சித்தி பால் ஊட்டினாள். இரண்டு வருஷம் தெருவுக்கே செல்லம். நாலாவது வருஷம் கோரைப்பல் முளைத்து, எதிர்வீட்டுப் பெண்ணின் முழங்கையைக் கடித்துவிட்டது. வேப்பமரத்தில் கட்டினார்கள். கயிறு எட்டும் தூரத்துக்கு அது சுற்றிச் சுற்றி, மரத்தடியில் தட்டு வைத்த மாதிரி ஒரு வட்டம் புல்லில்லாமல் தேய்ந்துவிட்டது. இடுப்பில் கயிறு இருந்த இடத்தில் முடி போய், தோல் போய், ஒரு நாள் சித்தி பார்த்தபோது கயிறு சதைக்குள் இருந்தது. அறுத்து எடுத்துவிட்டு வள்ளிமலையில் கொண்டுபோய் விட்டார்கள். மலைக்குரங்குகள் அதைச் சேர்க்கவில்லை, கடித்துத் துரத்தின. அது லாரிக்குப் பின்னால் ஓடிவந்தது. “அத்த இன்னாடா பண்ணச் சொல்றே? வச்சிகினும் இருக்க முடியல, வுடவும் முடியல” என்று சித்தப்பா என்னிடம்தான் கத்தினார். எனக்கு அப்போது பத்து வயது.

பஞ்சர் கடைக்காரரைத் திட்டாதீர்கள். என் சித்தப்பாவும் நல்ல மனிதர்தான். வனத்துறை ரேஞ்ச் ஆபீஸில் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அவரிடமே பேசுங்கள், அவராகவே ஒப்படைத்தால் நல்லது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றியும் சொல்லுங்கள், ஆனால் முதல் வாக்கியமாக வேண்டாம். ஊர்க்குரங்குக் கூட்டத்தில் நீங்களே கொண்டுபோய் விட்டுவிட வேண்டாம். குட்டியாக இருக்கும்போதே ஒப்படைத்தால் மற்றக் குட்டிகளோடு பழக்கிப் பார்க்க வழி இருக்கிறது.

நாளைக்குக் கடைப் பக்கம் போனால் அதன் இடுப்பில் கயிறு இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற அளவு இடம் இருக்கிறதா என்று அவரையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் கை வைக்க வேண்டாம், கடிக்கும்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து