ஊட்டியின் பின்கோடு 643001 ஒரு பகா எண்ணா?

இல்லை. பார்த்தால் பகா எண் மாதிரிதான் இருக்கும், ஆனால் 643001 = 61 × 83 × 127. மூன்றுமே பகா எண்கள்.

கால்குலேட்டர் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? 802-இன் வர்க்கம் 643204. அதனால் 801 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 2, 5 இரண்டும் கடைசி இலக்கத்திலேயே அடிபட்டுவிடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 14, ஆக 3-உம் இல்லை. அடுத்த மூன்றை ஒரே அடியில் முடிக்கலாம். 7 × 11 × 13 = 1001 என்பதால், முதல் மூன்று இலக்கத்திலிருந்து கடைசி மூன்றைக் கழியுங்கள்: 643 − 1 = 642. இது 7, 11, 13 எதனாலும் வகுபடாது, எனவே 643001-உம் வகுபடாது. (நம் மாவட்டத்துப் பின்கோடுகள் 643 என்று தொடங்குவதால் இந்தக் கணக்கு இங்கே சட்டென்று வரும்.) அப்புறம் 17-இலிருந்து நீள்வகுத்தல்தான், வேறு வழியில்லை. 31-இல் மீதி 30 வந்து ஆசை காட்டும். 61-இல் மீதியே இல்லாமல் 10541 கிடைக்கும். அது 83 × 127.

1-ஐயும் அந்த எண்ணையும் சேர்த்து மொத்தம் 8 காரணிகள். சரி, எனக்குப் பிடித்த விஷயம் வேறு. 4-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிற எந்தப் பகா எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதிவிடலாம். 643001-க்கும் மீதி 1 தான், ஆனாலும் அப்படி எழுத முடியாது. காரணம் 83-உம் 127-உம். இரண்டுக்கும் மீதி 3. அந்த மாதிரிப் பகாக் காரணி ஒற்றைப்படை அடுக்கில் வந்தாலே காரியம் கெட்டுவிடும்.

குன்னூர்க்காரர்களுக்கு இவ்வளவு வேலை இல்லை. 643101-இன் இலக்கங்களைக் கூட்டினால் 15, மூன்றால் வகுபட்டுவிடும்.