யாருக்கு உடனே வேண்டும்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

தேடல் சர்வர்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். எங்கள் நிறுவனத்தில் சோல்ர்கிளவுட் (சோல்ர் என்ற தேடல் சர்வரைப் பல இயந்திரங்களில் சேர்த்து ஓட்டும் முறை) ஓடுகிறது. நான்கு ஷார்ட் (ஆவணங்களைப் பிரித்த பங்குகள்), ஒவ்வொன்றுக்கும் இரண்டு ரெப்ளிகா (பிரதி), மொத்தம் நாலு கோடி ஆவணங்கள். ஆறு புரோகிராம்கள் ஒரே நேரத்தில் ஆவணங்களை ஏற்றுகின்றன. ஒவ்வொன்றும் 500 ஆவணத்துக்கு ஒருமுறை கமிட் (ஏற்றியதை உறுதிசெய்து தேடலில் தெரியவைக்கும் கட்டளை) அனுப்பும். முன்பு இரண்டு நொடியில் முடிந்த கமிட் இப்போது 40 நொடி எடுக்கிறது, சில நேரம் டைம்அவுட் ஆகிறது. சோல்ருக்கு ஒதுக்கிய நினைவகமான ஹீப்பை 16 ஜிபியிலிருந்து 31 ஆக்கலாமா? எஸ்எஸ்டி வாங்கச் சொல்லலாமா? பேசாமல் எலாஸ்டிக்சர்ச் என்ற இன்னொரு தேடல் சர்வருக்கே மாறிவிடலாமா? சர்வர் எழுதும் பதிவான லாகையும் அமைப்புக் கோப்பான கான்ஃபிக்கையும் இணைத்திருக்கிறேன். குழந்தை பிறந்து ஒரு மாதம்தான் ஆகிறது, பாதி ராத்திரி இதோடு போகிறது. இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ என்று தோன்றுகிறது.

ப.

அன்புள்ள ப.,

கடைசி வரிக்கு முதலில் பதில். லாயக்கில்லாதவர் இவ்வளவு ஒழுங்காக விவரம் திரட்டி அனுப்பமாட்டார். இன்று ராத்திரி லேப்டாப்பை மூடிவிட்டுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி திட்டு. எனக்கு அனுப்பிய லாகை நீங்கள் படித்தீர்களா? ‘ஓவர்லாப்பிங் ஆன்டெக் சர்ச்சர்ஸ்’ என்ற எச்சரிக்கை பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. ஒரு சர்ச்சர் (ஆவணங்களின் அந்த நேரத்து நிலையில் தேடிக் கொடுப்பது) தயாராகி முடிவதற்குள் அடுத்ததைத் திறக்கச் சொல்கிறீர்கள் என்று சோல்ர் கத்திக்கொண்டே இருக்கிறது. நீங்களோ எஸ்எஸ்டி விலை விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எலாஸ்டிக்சர்ச் பேச்சை விடுங்கள். அதற்கும் சோல்ருக்கும் அடியில் இருப்பது லூசீன் என்ற ஒரே தேடல் நிரல்தொகுப்பு. டக் கட்டிங் 1999இல் எழுதியது. எழுதி முடித்த செக்மென்ட்டை (தேடல் அட்டவணையின் ஒரு துண்டு) அது திருத்தாது. புதிய ஆவணம் புதிய செக்மென்ட்டில் உட்காரும். அது தேடலில் தெரிய வேண்டுமானால் புதிதாக ஒரு சர்ச்சர் திறந்தாக வேண்டும். அங்கே போனாலும் இதே கணக்குதான். எஸ்எஸ்டி நல்லது, வாங்குங்கள், ஆனால் இந்த 40 நொடிக்காக வேண்டாம்.

நான் நெடுநாளாகச் சொல்லிவருவது ஒன்று: ஏற்றும் புரோகிராம் கமிட் அனுப்பக் கூடாது. டேட்டாபேஸில் வளர்ந்தவர்களுக்குக் கமிட் என்றால் சேமிப்பு, அனுப்பாவிட்டால் தரவு போய்விடும் என்ற பயம். சோல்ரில் ஒவ்வொரு ஆவணமும் வந்தவுடன் டிரான்சாக்‌ஷன் லாகில், அதாவது வந்ததை வந்தபடி குறித்துவைக்கும் கோப்பில், எழுதப்பட்டுவிடுகிறது. ஜேவிஎம் (சோல்ரை ஓட்டும் ஜாவா இயக்கி) செத்தாலும் மறுபடி எழும்போது அதைப் படித்து மீட்டுக்கொள்ளும். ஒரு இயந்திரமே மின்சாரம் போய் விழுந்தாலும் இன்னொரு ரெப்ளிகா இருக்கிறது. அப்புறம் என்ன பயம்?

நீங்கள் அனுப்பும் கமிட் என்ன செய்கிறது என்று பாருங்கள். எந்த நோடுக்கு (சர்வருக்கு) அனுப்பினாலும் அது எல்லா ஷார்டுக்கும் எல்லா ரெப்ளிகாவுக்கும் போகிறது. நான்கு ஷார்ட், இரண்டிரண்டு ரெப்ளிகா, ஆக எட்டும் முடித்தால்தான் உங்களுக்குப் பதில், ஆகவே எட்டில் மெதுவானது எதுவோ அதன் வேகம்தான் உங்கள் வேகம். ஒவ்வொன்றும் செக்மென்ட்டை வட்டில் உறுதிசெய்து, சர்ச்சர் திறந்து, பழைய கேஷில் (நினைவகத்தில் எடுத்துவைத்த விடைகளில்) இருந்த ஃபில்டர்களை, அதாவது தேடலை வடிகட்டும் நிபந்தனைகளை, புதிய சர்ச்சரில் மறுபடி ஓட்டிச் சூடாக்குகிறது. ஆறு புரோகிராம்களும் இதைக் கேட்டால் கமிட்டுகள் வரிசையில் நிற்கும். சோல்ர் 6.4 பதிப்பிலிருந்து, ஒரே நேரத்தில் சூடாகும் சர்ச்சர்களின் வரம்பு மீறினால் பிழை எறியாமல் காக்க வைக்கிறது. உங்கள் 40 நொடியில் பெரும்பகுதி வேலையே இல்லை, காத்திருப்பு. ஒவ்வொரு கவளத்துக்கும் எழுந்துபோய்ப் புது இலை போட்டு உட்கார்கிறீர்கள் தம்பி.

உங்கள் ஃபில்டர் கேஷில் ஆட்டோவார்ம் (புதிய சர்ச்சரில் சூடாக்க வேண்டிய ஃபில்டர்களின் எண்ணிக்கை) 2048 என்று இருக்கிறது. யார் போட்டது? சோல்ரோடு வரும் மாதிரி கான்ஃபிக்கில் அது 0. உங்கள் ஷார்டில் ஒரு கோடி ஆவணம், ஆவணத்துக்கு ஒரு பிட், ஆக ஒரு ஃபில்டருக்கு 12.5 லட்சம் பைட் வரை. 2048 ஃபில்டருக்கு இரண்டரை ஜிபி. சூடாகும்போது பழையதும் புதியதும் சேர்ந்து நிற்கும். ஹீப் எங்கே போகிறது என்று இப்போது தெரிகிறதா? ஆட்டோவார்மை 16 என்று வையுங்கள். தேதி ஃபில்டரில் வெறும் ‘நவ்’ (இப்போது) வேறு போட்டிருக்கிறீர்கள். மில்லிசெகண்டுக்கு மில்லிசெகண்ட் மாறும் அதைச் சூடாக்கி யாருக்கு லாபம்? நாள் கணக்குக்கு வெட்டுங்கள்.

வெகுநாள் முன்பு ஒரு ஆவணக் காப்பகத்துக்குத் தேடல் அமைத்துக் கொடுத்தோம். ‘பதிந்தவுடன் தெரிய வேண்டும்’ என்று தேவைப் பட்டியலில் எழுதியிருந்தது. அதற்காக நடந்த கூட்டங்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு நாள் பதிவுப் பிரிவுக்கு நேரே போய் அங்கே மூத்தவராக இருந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “காலையில பதியறதை நாங்க மத்தியானம் சாப்ட்டு வந்துதான் சார் சரிபார்ப்போம்” என்றார். அப்படியானால் ‘உடனே’ என்று எழுதியது யார்? அதை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. எங்களுக்கு முன்னால் வேறு எங்கோ எழுதிய பட்டியலிலிருந்து அந்த வரி நகர்ந்து வந்திருந்தது. அந்த அம்மாவிடம் இரண்டு நிமிடம் பேசியிருந்தால் எத்தனை பேர் எத்தனை ராத்திரி தூங்கியிருப்பார்கள் என்று இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், யாருக்கு எவ்வளவு சீக்கிரம் தெரிய வேண்டும் என்று ஒரு வரி இல்லை. ஹீப் அளவு இருக்கிறது, ஷார்ட் எண்ணிக்கை இருக்கிறது, மனிதர் இல்லை.

ஆறு புரோகிராமிலிருந்தும் கமிட் வரியை எடுங்கள். கோடில் கை வைக்க விடமாட்டார்கள் என்றால், வெளியிலிருந்து வரும் கமிட்டைப் புறக்கணிக்கும் அப்டேட் புராசசர் சோல்ரிலேயே இருக்கிறது, சேருங்கள். சோல்ர் தானாகச் செய்யும் ஆட்டோகமிட் 60 நொடிக்கு ஒருமுறை, ஓபன்சர்ச்சர் ஃபால்ஸ், அதாவது புதிய சர்ச்சர் திறக்காமல். அது டிரான்சாக்‌ஷன் லாக் ஊதிப்போகாமல் பார்த்துக்கொள்ளும். ஆட்டோவார்மை 16க்கு இறக்குங்கள். புதிய ஆவணத்தைத் தேடலில் தெரியவைக்கும் ஆட்டோ சாஃப்ட் கமிட்டுக்கு என்ன எண் என்பதை என்னிடம் கேட்காதீர்கள். தேடுபவர்கள் உட்காரும் மாடிக்குப் போய் அவர்களைக் கேளுங்கள். ஐந்து நிமிடம் என்றால் மில்லிசெகண்டில் 300000 என்று எழுதுங்கள். அவர்களிடம் பேசாமல் எனக்கு அடுத்த கடிதம் எழுத வேண்டாம்.