கிரெட்டல் வீடு திரும்பிய பிறகு – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். தேவதைக் கதைகளைப் பெரியவர்களுக்காகத் திருப்பி எழுதிய நவீனக் கவிஞர்களைப் பற்றி எங்கள் ஊரில் நீங்கள் ஆற்றிய உரையைக் கேட்டபின், அமெரிக்கக் கவிஞர் ஆன் செக்ஸ்டனின் தொகுப்பைத் தேடிப் படித்தேன். அதற்குப் பிறகு என் ஒன்பது வயது மகளுக்கு சிண்ட்ரெல்லா கதையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் வாசலில் உட்கார்ந்து நல்லதங்காள் கதையைச் சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தவர் என் பாட்டி. குழந்தைகளுக்கு உரியதைப் பெரியவர்கள் பறித்து, அதில் காமத்தையும் கசப்பையும் ஊற்றுவது நியாயமா? இது நம் மொழிக்குத் தேவையா? இப்படிக் கேட்டுக்கொண்டே, கோபுரத்தில் அடைபட்ட நீள்கூந்தல் பெண் ரபன்ஸலை வைத்து நானும் பன்னிரண்டு வரிகள் எழுதிவிட்டேன், இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கதைகளில் காமத்தையும் கசப்பையும் இக்காலக் கவிஞர்கள் கொண்டுவந்து ஊற்றவில்லை. ஜெர்மானிய நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் முதல் தொகுதி 1812இல் ஆய்வுக் குறிப்புகளோடு வெளிவந்தபோது, ஸ்னோ வைட்டைக் கொல்லச் சொன்னவள் அவளைப் பெற்ற தாய். 1819ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாயாக மாறுகிறாள். நீங்கள் கையில் எடுத்த ரபன்ஸலே முதற்பதிப்பில், தன் உடைகள் ஏன் இறுகிப்போயின என்று வெகுளியாகக் கேட்டு, தான் கருவுற்றிருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறாள். பிற்பதிப்புகள் அந்தக் கேள்வியை நீக்கின. 50 கதைகளைப் பொறுக்கியெடுத்து 1825இல் வெளியிட்ட சிறு பதிப்புதான் இக்கதைகளைக் குழந்தைகள் அறைக்குள் நிலைநிறுத்தியது. ஆகவே பெரியவர்களிடமிருந்து குழந்தைகளிடம் போனவை மீண்டும் பெரியவர்களிடம் வருகின்றன என்றே நான் இதைப் பார்க்கிறேன்.

உங்கள் பாட்டி சொன்ன நல்லதங்காளை நினைத்துப் பாருங்கள். பஞ்சம் பிழைக்க அண்ணன் வீட்டுக்குப் போன ஒருத்தி, அண்ணியின் கொடுமை தாளாமல் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுகிறாள். தப்பி ஓடப் பார்க்கும் மூத்தவனையும் விடுவதில்லை. இதைக் கேட்டுத்தான் நீங்களும் நானும் வளர்ந்தோம். பசி என்றால் என்னவென்று தெரிந்த பெண்கள் அதைப் பசியின் கதையாகவே சொன்னார்கள். பிள்ளைகளுக்காக அதை மெருகிட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

செக்ஸ்டன் 1971இல் வெளியிட்ட அந்தத் தொகுப்பில் 17 கவிதைகள் உள்ளன. சிண்ட்ரெல்லாவும் இளவரசனும் கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொம்மைகளாகிவிடும் அந்தக் கவிதை உங்களைக் கலங்கடித்ததில் வியப்பில்லை. என்னைக் கேட்டால், அத்தொகுப்பில் கேலி மேலோங்கும் இடங்கள் விரைவில் பழையதாகிவிடுகின்றன. நிலைப்பது, நூறாண்டு உறங்கி எழுந்த பெண்ணைப் பற்றிய இறுதிக் கவிதைதான். விழித்தபின் அவள் உறங்கவே அஞ்சுகிறாள். மருந்தில்லாமல் கண்மூட முடியவில்லை. முத்தத்தோடு கதை முடிந்துவிட, அதற்கு மறுநாள் இரவு அவள் என்ன செய்தாள் என்று கேட்கிறது அந்தக் கவிதை.

இவ்வகைக் கவிதைகளில் சிறந்தவை எல்லாமே கதை வாய்மூடிக்கொண்ட இடத்தில் பேசத் தொடங்குகின்றன. 2020இல் நோபல் பரிசு பெற்ற லூயிஸ் க்ளுக், காட்டில் சூனியக்காரியிடம் சிக்கிய அண்ணன் தங்கை கதையில் வரும் தங்கை கிரெட்டலைப் பற்றி எழுதிய சிறிய கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். சூனியக்காரி அடுப்பில் வெந்துபோனாள். பிள்ளைகள் வீடு திரும்பிவிட்டார்கள். பசியில்லை, தந்தை கதவைத் தாழிட்டுக் காக்கிறார், ஆண்டுகள் பல ஓடிவிட்டன. ஆனால் அடுப்புக்குள் தள்ளிய கை கிரெட்டலுடையது. அண்ணனைக் காப்பாற்றத்தான் அதைச் செய்தாள். அந்த அண்ணனோ எல்லாவற்றையும் மறந்துவிட்டு, வீட்டை விட்டுப் போய்விடுபவனைப் போல அவளைப் பார்க்கிறான். கதையில் ஒரு சொல்லையும் மாற்றாமல், அவளுக்குத் தூக்கம் வராத ஓர் இரவை மட்டும் க்ளுக் அதனோடு சேர்க்கிறார். இதில் கதைக்கு என்ன களங்கம் வந்துவிட்டது?

நம் மொழிக்குத் தேவையா என்று கேட்டிருந்தீர்கள். 1943இல் புதுமைப்பித்தன் எழுதிய ‘சாபவிமோசனம்’ செய்ததும் இதைத்தான்: சீதை தீக்குளித்ததை அவள் வாயாலேயே கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். அது உரைநடை, புராணம். நாம் பேசுவது கவிதையும் நாட்டார் கதையும். ஆனால் தொழில் ஒன்றே.

உங்கள் பன்னிரண்டு வரிகளுக்கு வருகிறேன். பதினொரு வரிகளில் கோபுரமும் வெண்பனியும் ரோஜாவும் இருக்கின்றன. வெண்பனியை நீங்களும் கண்டதில்லை, உங்கள் வாசகரும் கண்டிருக்க வாய்ப்பில்லை. பிரிட்டிஷ் கவிஞர் கரோல் ஆன் டஃபி, 1999இல் வந்த தம் தொகுப்பின் முதல் கவிதையில், சிவப்புத் தொப்பிச் சிறுமியை வீடுகள் தேய்ந்து மறையும் இடத்திற்கு, விளையாட்டுத் திடலையும் தொழிற்சாலையையும் தாண்டிக் கூட்டிப்போகிறார். அங்கிருந்துதான் ஓநாயின் காடு தொடங்குகிறது. அவர் வளர்ந்த ஊரின் விளிம்பு அது. கடைசி லயம் முடிந்து பால்மர (ரப்பர் மர) நிரை தொடங்கும் இடம் உங்களுக்கு இருக்கிறதே! விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போகும் தாய்மார்களின் தலைவிளக்குகள் அங்கே ஒவ்வொன்றாய் இருட்டுக்குள் போய் மறைந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

உங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த மலாய்க் கதை ஒன்றும் இருக்கிறது: ‘பத்து பெலா பத்து பெர்தாங்குப்’. ஆசையாக எடுத்துவைத்த மீன்முட்டையைப் பிள்ளைகள் தின்றுவிட, மனமுடைந்த தாய் பிளந்து மூடும் பாறையிடம் ஓடித் தன்னை விழுங்கக் கொடுக்கிறாள். தம்பியோடு மகள் கதறிக்கொண்டு பின்னால் ஓடுகிறாள். சொல்பேச்சுக் கேட்காத பிள்ளைகளை மிரட்ட இதைச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு வாய் மீன்முட்டைக்காக உயிரை விடும் அளவுக்கு அந்தத் தாய் எத்தனை நாள் தன் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பாள்? நான் பிறந்த தோட்டத்தில், அம்மா பால்மரம் சீவப் போனபின் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்கு நடந்த என் அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது. பாறை மூடிக்கொண்ட பிறகு அந்த மகள் தம்பியை எப்படி வளர்த்தாள் என்பதை யாரும் இன்னும் எனக்குச் சொல்லவில்லை.

உங்கள் மகளுக்கு சிண்ட்ரெல்லாவை அப்படியே சொல்லுங்கள். கதை தெரியாதவருக்குக் கவிதை திறக்காது; செக்ஸ்டனை அவள் பிறகு படித்துக்கொள்வாள். நீங்களோ உங்கள் எட்டாவது வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிட்டு மீண்டும் எழுதுங்கள். கோபுரத்துப் பெண்ணின் கூந்தலில் ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்த ரப்பர் பால்) நாற்றம் அடிக்கிறது என்று அங்கே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூந்தல் யாருடையது என்று எனக்குத் தெரிய வேண்டும். எழுதியதும் அனுப்புங்கள்.