மச்சான் மெயிலைப் பாத்தது இருக்கட்டும், உங்கட மகன் பாத்ததுக்கு என்ன சொல்லப்போறியள்?

முள்ளியவளையில இருந்து ஒரு அக்கா நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறா. சுருக்கினா இவ்வளவுதான். 2014இல மச்சான்தான் கொமினிகேசன் கடையில வச்சு இவவுக்கு இலவச மெயில் ஒண்டு திறந்து குடுத்தவர், பாஸ்வேர்ட்டும் அவர் போட்டது, ரிக்கவரி நம்பரும் அவற்ற போன். கனடாவில இருக்கிற தம்பி காணி பெர்மிட் கொப்பி, காசு போட்ட ரிசீட் எல்லாம் அதுக்குத்தான் அனுப்புறவர். இப்ப காணியால ரெண்டு வீட்டுக்கும் கதை பேச்சு இல்லை, ஆனா தம்பி எவ்வளவு அனுப்பினவர் எண்டது வரைக்கும் மச்சான் ஊரெல்லாம் சொல்லித் திரியிறாராம். பொலிசுக்குப் போகலாமோ, பாதுகாப்பில்லாத மெயிலைத் தந்த கொம்பனியில வழக்குப் போடலாமோ எண்டு கேக்கிறா. கடைசியா ஒரு வரி: "ஆதாரத்துக்கு மகன் மச்சான்ர மெயிலுக்குள்ள போய் சிலதை எனக்கு ஃபோர்வர்ட் பண்ணி வச்சிருக்கிறான்."

அக்கா, நாலு பக்கத்தில எனக்குத் தேவைப்பட்டது அந்தக் கடைசி வரி மட்டும்தான். மச்சான் கலியாண வீட்டுக்கு வராதது, சந்தியில நிண்டு நக்கலடிச்சது, இதுகள் ஒண்டும் கோட்டுக்கு வேண்டாம்.

கொம்பனியையும் விடுங்கோ. யாகூவில 2013இல 300 கோடி கணக்கு களவு போனதே, அதுதான் உடைப்பு. உங்கட மெயிலை ஒருத்தரும் உடைக்கேல்லை, ரிக்கவரி நம்பர் ஆற்றையோ அவருக்குத்தான் கோட் போகும், அது அந்தச் சேவை வேலை செய்யிற முறை. விளம்பரத்துக்காக மெயிலை வாசிக்கிறாங்கள் எண்டு தம்பி சொன்னதா எழுதியிருக்கிறியள், ஜிமெயிலில அதை நிப்பாட்டுறதா கூகுள் 2017இலயே அறிவிச்சிட்டுது, அதுக்கும் உங்கட மச்சானுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சட்டத்தில பாக்கவேண்டியது ஒண்டே ஒண்டு, அனுமதி. 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம் 3ஆம் பிரிவில, தனக்கு சட்டப்படி அதிகாரம் இல்லை எண்டு தெரிஞ்சும், அல்லது தெரிஞ்சிருக்கவேண்டிய நிலையில, ஒருத்தர் உள்ள போகப் பாத்தாத்தான் குற்றம். அஞ்சு வருசம் வரைக்கும் மறியல், இல்லாட்டி ஒரு லட்சம் வரைக்கும் தண்டம், ரெண்டும் சேத்தும் விழலாம். இப்ப மச்சான் என்ன சொல்லுவார்? "அண்ணிதான் திறந்து தரச்சொன்னவ, தம்பியின்ர மெயில் வந்திட்டோ எண்டு பாக்கச் சொல்லி வருசக்கணக்கா என்னட்டத்தான் போன் அடிக்கிறவ." நீங்களே அதை எழுதியிருக்கிறியள். இனிப் பாக்கவேண்டாம் எண்டு எப்பயாவது சொன்னனீங்களோ? கடிதத்தில அப்பிடி ஒரு வசனமும் இல்லை.

உங்கட மகனுக்கு அனுமதி ஆர் குடுத்தது? ஒருத்தரும் இல்லை. பாஸ்வேர்ட் அவனுக்கு முதலே தெரியும் எண்டுறது மறுமொழி இல்லை, தெரியிறது வேற, போக உரிமை இருக்கிறது வேற. 20 வயசு, சின்னப்பிள்ளை எண்டு சொல்லவும் ஏலாது.

இப்பிடித்தான் கன பேர் மாட்டினவை. முறைப்பாட்டுக்காரரா பொலிசுக்குள்ள போவினம், கையில பிரிண்ட் அவுட். பொலிஸ் கேக்கிற முதல் கேள்வி, "இது உங்களுக்கு எப்பிடிக் கிடைச்சது?" "மகன் எடுத்துத் தந்தவன்" எண்டு வாயாலயே சொல்லி, அது வாக்குமூலத்தில ஏறி, கீழ கையெழுத்தும் வச்சிட்டு வந்து, பிறகு எங்களிட்ட வந்து அழுறது. அதுவும் சிங்களத்தில எழுதினதை வாசிச்சு விளங்கப்படுத்தச் சொல்லாமலே கையெழுத்து வைக்கிற ஆக்கள் எங்கட பக்கம் இன்னும் இருக்கினம். பிறகு அங்கால் பக்கம் ஒரு முறைப்பாடு போட்டால் முடிஞ்சுது, மகன் ஃபோர்வர்ட் பண்ணினது மச்சான்ர சென்ட் மெயிலில திகதி நேரத்தோட கிடக்கும், எந்தப் போனில இருந்து லொகின் பண்ணினது எண்டு அலேர்ட்டும் அவருக்குப் போயிருக்கும். அவரில போட ஆதாரம் தேடி, உங்களில போட ஆதாரத்தை அவற்ற கையிலயே குடுத்திருக்கிறியள். களவா எடுத்த தரவு எண்டு தெரிஞ்சும் வாங்கி வச்சிருக்கிறதையும் அதே சட்டம் 7ஆம் பிரிவில குற்றம் எண்டுது, அது மகன் இல்லை, நீங்கள். வெளிநாடு போக அலுவல் பாக்கிற பெடியனுக்குப் பொலிஸ் கிளியரன்ஸ் வேணுமெல்லே, அதையும் யோசியுங்கோ.

இப்ப அந்த மெயில்களை ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ, தம்பிக்கும் அனுப்பாதேங்கோ. பயத்தில அழிக்கவும் வேண்டாம், அழிச்சால் அது வேற பிரச்சினை. மகனை இனி அந்தப் பக்கம் போகவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. உங்கட சொந்தப் போனில பாஸ்வேர்ட்டை மாத்துங்கோ, கொமினிகேசன் பெடியனிட்டக் குடுத்து இல்லை. அவற்ற நம்பரை எடுத்துப்போட்டு உங்கட நம்பரைப் போடுங்கோ, செட்டிங்ஸில ஃபோர்வர்டிங் எண்ட இடத்தில வேற மெயில் விலாசம் ஏதும் இருக்கோ எண்டும் பாருங்கோ, கன பேர் பாஸ்வேர்ட்டை மட்டும் மாத்திப்போட்டு இதை விட்டிடுவினம், மெயில் தன்பாட்டில அங்கால போய்க்கொண்டிருக்கும். கோட் அவற்ற போனுக்குத்தான் போகுது எண்டால் மல்லுக்கட்டாதேங்கோ, புது மெயில் திறந்து தம்பிக்குச் சொல்லுங்கோ. பிறகு மச்சானுக்குப் பதிவுத் தபாலில ரெண்டு வரி: இண்டையில இருந்து என்ர மெயிலுக்குள்ள போக உங்களுக்கு அனுமதி இல்லை. அதுக்குப் பிறகும் போனாரெண்டால் வாங்கோ, அப்ப கேஸ் இருக்கு.

அது வரைக்கும் சமாதானமாப் போறதுதான் புத்தி, வெட்கமா இருந்தாலும் பரவாயில்லை. ரெண்டு பக்கத்தாலயும் பிழை இருக்கு, உங்கட பக்கத்துப் பிழைக்குத்தான் ஆதாரம் கூட. சமாதானத்துக்கு என்ன எழுதிக் கையெழுத்து வைக்கிறது எண்டதை உங்கட லோயர் பாக்கட்டும், அந்தப் பதிவுத் தபால் ரெண்டு வரியைத் தவிர நீங்களா ஒண்டும் எழுதிக் குடுக்காதேங்கோ, "பொலிசில போடுவன்" எண்டு வெருட்டியும் பேசாதேங்கோ. காணிப் பிரச்சினையைத் தனியா மத்தியஸ்த சபைக்குக் கொண்டு போங்கோ, பெர்மிட்டும் ரிசீட்டும் தம்பி உங்களுக்கு அனுப்பினது, அதுகள் காணும். மகன் எடுத்த பிரிண்ட் அவுட் அண்டைக்குப் பையிலயும் இருக்கக்கூடாது.