என்.கே. செல்லை மூன்று மடங்காக்கும் தவிட்டுப் பொடி: வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் போன மாதம் ஒரு 'ஆரோக்கியக் கூட்டம்' நடந்தது. அரிசித் தவிட்டில் செய்த பொடியாம். ஒரு மாதம் சாப்பிட்டால் என்.கே. செல் மூன்று மடங்காகும், கேன்சர் அண்டாது, சர்க்கரையும் இறங்கும் என்று மைக்கில் பேசினார்கள். சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் திரையில் காட்டினார்கள். என் மச்சினர் 9,000 ரூபாய்க்கு இரண்டு டப்பா வாங்கிவிட்டு, என்னையும் தனக்குக் கீழே சேரச் சொல்கிறார். எங்களுக்குச் சொந்தமாக ரைஸ் மில் இருக்கிறது, தவிடு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதையே சாப்பிட்டால் ஆகாதா? - மன்னார்குடி வாசகர்

பதில்: என்.கே. செல் கட்டுக்கதை இல்லை. கதை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

நம் ரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளையணு வகை உண்டு. அதில் ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம் இந்த 'நேச்சுரல் கில்லர்' செல்கள், சுருக்கமாக என்.கே. 1975-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கீஸ்லிங் குழுவும், அதே காலத்தில் அமெரிக்காவில் ஹெர்பர்மன் குழுவும் இவற்றைக் கண்டறிந்தன. லிம்போசைட்டில் இன்னொரு வகையான டி செல்கள் புதிய கிருமியை அடையாளம் கண்டு பெருகிப் படை திரட்டச் சில நாள் ஆகும். என்.கே. செல்லுக்கு அந்த முன் அறிமுகம் தேவையில்லை.

அது வேலை செய்யும் விதம் ரசமானது. நம் உடம்பின் ஆரோக்கியமான செல்கள் எம்.எச்.சி. முதல் வகை என்ற புரதத்தை வெளிப்புறத்தில் காட்டிக்கொண்டிருக்கும். டி செல் கண்ணில் படாமலிருக்கச் சில வைரஸ்களும் புற்றுநோய்ச் செல்களும் அதை மறைத்துவிடும். என்.கே. செல்லோ ரயிலில் வரும் டிக்கெட் பரிசோதகர் மாதிரி. அந்தப் புரதம் இல்லாத செல்லைத்தான் பிடிக்கும். ஆபத்து அறிகுறியும் சேர்ந்து தெரிந்தால் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அதன் சவ்வில் ஓட்டை போட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே செலுத்தும். அந்தச் செல் தானே மாய்ந்துபோகும். பிறவியிலேயே இந்தச் செல்கள் இல்லாதவர்கள் மிக அரிது. 1989-ல் அப்படி ஒரு பெண்ணைப் பற்றி மருத்துவ இதழில் வந்தது. சின்னம்மை உள்ளிட்ட ஹெர்பீஸ் வகை வைரஸ்கள் அவரைத் திரும்பத் திரும்பக் கடுமையாகத் தாக்கின.

சரி, மண்டபத்தில் காட்டிய ரிப்போர்ட்டுக்கு வருவோம். ரத்தத்தில் என்.கே. செல் எண்ணிக்கை நிலையானது இல்லை. வேகமாக நடந்தாலோ நாலு மாடி ஏறினாலோ சில நிமிடத்தில் பல மடங்கு ஏறும். இரத்தக் குழாய்ச் சுவரிலும் மண்ணீரலிலும் இருந்தவை ஓட்டத்தில் கலந்துவிடுவதே காரணம். ஓய்வெடுத்த ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கும் கீழே போகலாம். ஆகவே முதல் ரத்தத்தை உட்கார வைத்து எடுத்து, இரண்டாவதை மாடிப்படி ஏறி வந்ததும் எடுத்தால் பொடியே வேண்டாம், ரிப்போர்ட் தானாக அழகாக வரும். அவர்கள் அப்படித்தான் செய்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாள் எதையும் நிரூபிக்காது. எண்ணிக்கை நிஜமாகவே கூடினாலும் புற்றுநோய் வராது என்று அதற்கு அர்த்தமும் இல்லை.

தவிட்டின் நார்ச்சத்தைக் காளான் நொதியால் உடைத்துச் செய்யும் ஒரு பொருள் உலகச் சந்தையில் பல வருடமாக இருக்கிறது. சிறிய ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. ஆனால் அதை நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்ற ஒரு நிறுவனத்தை 2004-ல் அமெரிக்க நீதிமன்றமே தடுத்தது. உங்கள் மில் தவிட்டை அள்ளிச் சாப்பிடுவதும் வேண்டாம். அரைத்த உடனே அதிலுள்ள லைப்பேஸ் நொதி எண்ணெயைக் கெடுத்துச் சிக்கு வாடை வர வைத்துவிடும். உமியும் தூசியும் வேறு கலந்திருக்கும். மாடு குடிக்கட்டும், மிச்சம் தவிட்டெண்ணெய் ஆலைக்குப் போகட்டும்.

பணம் விஷயம். கேன்சர், சர்க்கரை இரண்டும் 1954-ஆம் வருட மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள நோய்கள். இவற்றைக் குணப்படுத்தும், தடுக்கும் என்று விளம்பரம் செய்வது குற்றம். வாயால் சொன்னாலும் அந்தச் சட்டப்படி விளம்பரம்தான், மைக்கில் சொன்னது கணக்கில் வரும். டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கலாம். அது தயாரித்தவருக்கு உரிமம் உண்டு என்று மட்டும்தான் காட்டும், பொருள் பலிக்கும் என்று இல்லை. அந்த டப்பாவிலேயே 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள்.

2021 நேரடி விற்பனை விதிகளின்படி, சேருவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆள் சேர்ப்பதற்கே கமிஷன் என்றால் அது பிரமிட் திட்டம், தடை செய்யப்பட்டது. பொருளைத் திருப்பித் தர அவகாசமும் அவர்கள் கொடுத்தாக வேண்டும். மச்சினரிடம் பில் வாங்கினாரா என்று கேளுங்கள். பில்லும் டப்பாவும் இருந்தால் எழுத்தில் திருப்பிக் கேட்கட்டும். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. நீங்கள் கீழே சேர வேண்டாம். மச்சினர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

கேள்வி: இரண்டு முறை ஐ.வி.எஃப். தோற்றுப்போனது. என் ரத்தத்தில் என்.கே. செல் அதிகம், அதுதான் கருவைக் கொல்கிறது என்று சிகிச்சை மையத்தில் சொல்கிறார்கள். இன்ட்ராலிப்பிட் டிரிப்ஸ் போடத் தனிக் கட்டணமாம். கட்டலாமா? - கும்பகோணம் வாசகி

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள், அம்மா. ரத்தத்தில் ஓடும் என்.கே. செல்லும் கருப்பைக்குள் இருப்பதும் ஒன்றல்ல. கர்ப்பத்தின் தொடக்கத்தில் கருப்பை உட்சுவரின் நோய் எதிர்ப்புச் செல்களில் பெரும்பங்கு என்.கே. செல்களே. அவை அங்கே கருவைக் கொல்வதில்லை, நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தாராளமாக வரும்படி தாயின் தமனிகளை அகலப்படுத்த உதவுகின்றன. கை நரம்பில் எடுத்த ரத்தத்தை வைத்துக் கருப்பையின் நிலையைச் சொல்ல முடியாது. இன்ட்ராலிப்பிட் என்பது வாயால் சாப்பிட முடியாத நோயாளிக்கு நரம்பு வழி ஊட்டம் தரச் செய்த சோயா எண்ணெய்க் கலவை. ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்தப் பரிசோதனை, இந்த டிரிப்ஸ் இரண்டையுமே பரிந்துரைக்கவில்லை.

2021-ஆம் வருடச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சிகிச்சையின் நன்மை, தீமை, செலவு, வெற்றி வாய்ப்பு எல்லாவற்றையும் உங்களுக்கு விளக்க வேண்டியதும் அவர்கள் கடமை. டிரிப்ஸ் எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள், இனம் பிரித்த பில்லும் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறொரு டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய். வெளியூர் ஏஜெண்ட் ஒருவர், சில லட்சத்துக்கு என்.கே. செல் ஏற்றிக் குணப்படுத்தலாம் என்கிறார். நம்பலாமா? - திருவாரூர்

பதில்: ஆராய்ச்சி உண்மை. தொப்புள்கொடி ரத்தத்தில் எடுத்த என்.கே. செல்லை மரபணு மாற்றி அமெரிக்காவின் ஹூஸ்டனில் 11 பேருக்குக் கொடுத்ததில் 8 பேருக்குப் பலன் தெரிந்ததாக 2020-ல் அறிக்கை வந்தது. அது சோதனைக் கட்டம். 2023-ல் இந்தியாவில் அனுமதி பெற்ற கார்-டி என்ற ரத்தப் புற்றுநோய் சிகிச்சை என்.கே. செல்லை அல்ல, டி செல்லை மரபணு மாற்றிச் செய்வது. ஏஜெண்ட் இரண்டையும் குழப்பிப் பேசினால் ஆச்சரியமில்லை. இது சோதனை சிகிச்சை என்று அவர் சொன்னால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். பதிவு பெற்ற சோதனையில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் லட்சக்கணக்கில் வாங்கும் வழக்கம் இல்லை. எண்ணைத் தந்தாலும், இப்போது பார்க்கும் புற்றுநோய் டாக்டரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நடக்கும் கீமோவையும் நிறுத்தாதீர்கள்.